ஒரு ஊரைப் புகழ்ந்து எழுதினால் என்ன ஆகும்? மெக்சிகோவில் நடந்த கதை

வீட்டு வாடகை மாதம் 10 டாலர். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க 8 டாலர். 1948 ஜனவரியில் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ், மெக்சிகோவில் உள்ள சான் மிகேல் தெ அயெந்தே என்ற சின்ன ஊரைப் பற்றி இப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டியது. படிச்சவங்க சும்மா இருப்பாங்களா? பெட்டியைக் கட்டிட்டாங்க.

அப்போது இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அமெரிக்க அரசே ஏற்றது. அந்தப் பணத்தில் வெளிநாட்டிலும் படிக்கலாம். சான் மிகேலில் ஓவியப் பள்ளி ஒன்று 1938-லிருந்தே இருந்தது. பெரு நாட்டு ஓவியர் கோசியோ தெல் போமார் தொடங்கியது. அவருக்குத் துணையாக நின்ற அமெரிக்கர் ஸ்டிர்லிங் டிக்கின்சன். கட்டுரை வந்த பிறகு விண்ணப்பங்கள் குவிந்தன.

புகழ்பெற்ற சுவரோவியர் சிகெய்ரோஸே பாடம் நடத்த வந்தார். பழைய கன்னியர் மடம் ஒன்றில் மாணவர்களுடன் ஒரு பெரிய சுவரோவியத்தை ஆரம்பித்தார். நடுவில் பள்ளி உரிமையாளரோடு தகராறு. 1949-ல் அப்படியே விட்டுட்டுக் கிளம்பிட்டார். ஓவியம் இன்றும் முடியாமலேயே இருக்கிறது. அதைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது.

ஊரில் அப்படி என்ன இருக்கு?

1542-ல் தோன்றிய ஊர். வடக்கே சகாதெகாஸ் சுரங்கங்களின் வெள்ளி தலைநகருக்குப் போன பாதையில் இருந்ததால் காசு புரண்டது. ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரின் தளபதி இக்னாசியோ அயெந்தே 1769-ல் பிறந்தது இங்கேதான். ஊர்ப்பெயரின் பின்பாதி அவருடையது. வெள்ளிக் காலம் முடிந்ததும் ஊர் தூங்கிப்போச்சு. புதுசாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. அதனால்தான் பழைய வீடுகளும் கருங்கல் பாவிய தெருக்களும் தப்பின. ஒருவகையில் வறுமைதான் காப்பாற்றியது!

நடுவில் இளஞ்சிவப்புக் கல்லில் பரோக்கியா தேவாலயம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் முகப்பைக் கட்டிய செஃபெரினோ குதியெர்ரெஸ் முறையாகக் கட்டடக்கலை படிக்காத கொத்தனார். ஐரோப்பிய தேவாலயப் படங்களைப் பார்த்தே கட்டினார் என்பது ஊர்க்கதை. ரீல்ஸ்களில் அதிகம் தலைகாட்டுவதும் இதுதான்.

இரண்டாவது அலை

1985-ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து எழுத்தாளர் டோனி கோஹன் மனைவியோடு சுற்றிப் பார்க்க வந்தார். பிடிச்சுப்போச்சு. அங்கே இருந்த வீட்டை விற்றுவிட்டு, இங்கே இடிந்து கிடந்த ஒரு பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்தார்கள். சந்தை, கொத்தனார்கள், மழைக்காலம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என அந்த வாழ்க்கையை அவர் எழுதிய ‘ஆன் மெக்சிகன் டைம்’ 2000-ல் வெளிவந்தது. நிதானமாக வாழ ஆசைப்பட்ட அமெரிக்கர்களுக்கு அது வழிகாட்டிப் புத்தகமாகவே ஆனது. 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். 2017-ல் ஒரு பயண இதழின் வாசகர்கள் உலகின் சிறந்த நகரமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிக்கல் இங்கேதான். ஊரின் மையப்பகுதியில் இப்போது வீடுகளுக்கு டாலரில் விலை சொல்கிறார்கள். உள்ளூர்க்காரருக்குச் சம்பளம் பெசோவில். தாத்தா காலத்து வீட்டை நல்ல விலைக்கு விற்ற குடும்பங்கள் ஊரின் ஓரத்துக்கு நகர்ந்தன. அந்த வீடுகள் ஓட்டல், கலைக்கூடம், நாள் வாடகை வீடு என மாறின. வேலை கிடைக்குதே என்பவர்களும் உண்டு, அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வேலைக்குப் பலர் தினமும் பஸ் ஏறி வருவது, முன்பு தாங்கள் குடியிருந்த தெருவுக்கு.

எழுதியவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாக இருக்காது. பள்ளி வேண்டும், பயணிகள் வேண்டும் என்று ஊரும் விரும்பியது. ஆனால் ‘மலிவு’ என்று எழுதும்போது, அது யாருக்கு மலிவு என்ற கேள்வி பயணக் கட்டுரைகளில் அநேகமாக வருவதே இல்லை.

கோஹனின் அடுத்த மெக்சிகோ புத்தகம் 2006-ல் வந்தது. அதில் அவர் சான் மிகேலை விட்டு, மெக்சிகோவின் மற்ற ஊர்களைத் தேடிப் போகிறார்.