தேரைக்கு யார் படியளப்பது?

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. வியாபாரம் மந்தமான நாட்களில் நாமும் இதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். நம்பிக்கைக்கு அது நல்ல வார்த்தைதான். ஆனால் அந்தத் தேரையைப் பிடித்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால், படியளக்கும் பொறுப்பு அடைத்தவர் தலையில் வந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

மளிகைக்காரனுக்கும் தேரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வெளிநாடுகளில் மரத்தவளையைச் செல்லப்பிராணியாக வளர்க்கும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அங்கே இருக்கும் நம் பேரப்பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். அதைப் படத்தில் பார்த்துவிட்டு, இங்கே உள்ள பிள்ளைகள் கிணற்றடியில் இருக்கும் தேரையைப் பிடித்துப் பாட்டிலில் போடுகிறார்கள். "தாத்தா, இது ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டாமா?

கல்லுக்குள் அடைத்துப் பார்த்த கதை

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் பக்லாண்டு என்றொரு மண்ணியல் அறிஞர் இருந்தார். கல்லுக்குள் தேரை உயிரோடு இருக்கும் என்ற பேச்சு அந்த நாட்டிலும் உண்டு. அதைச் சோதித்துவிடுவது என்று 1825 நவம்பரில் 24 தேரைகளை எடுத்தார். 12 தேரைகளைச் சுண்ணாம்புக் கல்லில் குடைந்த குழிகளிலும், 12 தேரைகளை இறுகிய மணற்கல்லில் குடைந்த குழிகளிலும் வைத்து, கண்ணாடியால் மூடிப் பூசி, தோட்டத்தில் 3 அடி ஆழத்தில் புதைத்தார்.

1826 டிசம்பரில் தோண்டிப் பார்த்தார். மணற்கல்லில் இருந்தவை எல்லாம் இறந்து கிடந்தன. காற்றும் ஈரமும் புகும் சுண்ணாம்புக் கல்லில் பெரிய தேரைகள் பலவும் உயிரோடு இருந்தன. ஆனால் பெரும்பாலானவை இளைத்துப் போயிருந்தன. எடை கூடியிருந்த ஒன்றின் கண்ணாடி மூடியில் விரிசல் கண்டிருந்தது. அந்த விரிசல் வழியே சிறு பூச்சிகள் உள்ளே போயிருக்கும் என்று பக்லாண்டு கருதினார். உயிரோடு இருந்தவற்றை மீண்டும் மூடி வைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாம் இறந்துவிட்டன.

சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போன அரியலூர் மாவட்டத்துக்காரர்களான நாம் இதைக் கவனிக்க வேண்டும். தேரை பல மாதம் பட்டினியைத் தாங்கும். ஆனால் பட்டினி கிடந்தே வாழ்ந்துவிடாது.

அசைந்தால்தான் உணவு

எங்கள் கடைத்தெருவில் ஒரு பையன், காலியான பிஸ்கட் சாடியில் ஒரு தேரையை விட்டு, பொரிகடலையும் சோற்றுப் பருக்கையும் போட்டு வைத்தான். நாலு நாளாகியும் அது ஒன்றையும் தொடவில்லை. பையன் முகம் வாடிப்போயிற்று. தேரைக்கு வியாதி என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். வியாதி எதுவும் இல்லை. போட்ட சரக்குதான் அதற்கு ஆகாத சரக்கு.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டு, குளியலறையிலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் இருக்கும் தேரை, மரத்தவளை இனத்தைச் சேர்ந்தது. வெள்ளையடித்த சுவரில் ஒட்டியிருப்பதால் ஆங்கிலேயர் இதற்குச் 'சுனாம்' தவளை, அதாவது சுண்ணாம்புத் தவளை என்று பெயர் வைத்தார்கள். பகலில் மடங்கி உறங்கும். இரவில் இரை தேடும். தானியம், சோறு, காய், பழம் எதுவும் இதற்கு ஆகாது. உயிருள்ள பூச்சிதான் உணவு. அந்தப் பூச்சியும் அசைய வேண்டும்.

அமெரிக்காவில் லெட்வின் என்பவரும் அவரது கூட்டாளிகளும் தவளையின் கண்ணை ஆராய்ந்து 1959-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுற்றிலும் உணவு குவிந்து கிடந்தாலும், அது அசையாவிட்டால் தவளை பட்டினியால் சாகும் என்று அதில் எழுதினார்கள். சிறு பொருள் ஒன்று நகர்ந்தால் மட்டுமே தவளையின் கண் அதை இரை என்று மூளைக்குச் சொல்கிறது. செத்த ஈயை முன்னால் வைத்தால் தேரை பார்க்காது. அதே ஈயை நூலில் கட்டி ஆட்டினால் நாக்கை நீட்டிப் பிடிக்கும்.

தேங்காயின் மேல் வந்த பழி

இது தெரிந்தால் நம் தொழிலில் உள்ள ஒரு பழியும் தீரும். உள்ளே பருப்பில்லாத தேங்காய் வந்தால், "தேரை பாய்ந்த காய்" என்று ஒதுக்குகிறோம். அசையாத எதையும் தின்னாத உயிர், மட்டையும் ஓடும் மூடிய தேங்காய்க்குள் புகுந்து பருப்பை எப்படித் தின்னும்? பூவில் மகரந்தம் சரியாகச் சேராததும், மரத்துக்குச் சாம்பல் சத்தும் போரான் சத்தும் குறைவதுமே ஒல்லிக்காய்க்குக் காரணம் என்று வேளாண்மைத் துறையினர் விளக்குகிறார்கள். ஒரே தோப்பிலிருந்து அடிக்கடி இப்படிக் காய் வந்தால், உரம் வைக்கும்படி தோப்புக்காரரிடம் சொல்லுங்கள். தேரையைத் திட்டிப் பயனில்லை.

வாடிக்கையாளர் அறிந்து சரக்கு

வெளிநாட்டில் கடையில் வாங்கி முறையாக வளர்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் உதவும். வாடிக்கையாளருக்கு என்ன சரக்கு, என்ன அளவு, எந்த நேரம் என்று நாம் பார்ப்பதுபோலத்தான் இதுவும்.

சரக்கு: சுவர்க்கோழிப் பூச்சிதான் முதன்மையான உணவு. அங்கே கடைகளில் உயிரோடு விற்கிறார்கள். இடையிடையே சிறு கரப்பான், வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி என்று மாற்றித் தரலாம். எப்போதும் ஒரே பூச்சி கூடாது.

அளவு: தவளை மென்று தின்பதில்லை, முழுதாக விழுங்குகிறது. விழுங்கும்போது கண்ணை உள்ளே இழுத்து, அதைக் கொண்டே இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. ஆகவே அதன் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்துக்கு மேல் பெரிய பூச்சியைப் போடக் கூடாது.

நேரம்: இருட்டிய பிறகு. வளர்ந்த தவளைக்கு 2 அல்லது 3 நாளுக்கு ஒரு முறை போதும். குட்டிக்குத் தினமும் வேண்டும். ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் கொழுத்து நோயில் விழும்.

மீதச் சரக்கு: தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை மறுநாள் எடுத்துவிட வேண்டும். அது உறங்கும் தவளையின் தோலைக் கடிக்கும்.

இதில் பலரும் கோட்டை விடுவது சுண்ணாம்புச் சத்து. வளர்ப்புப் பூச்சிகளில் அந்தச் சத்து குறைவு. அதை மட்டும் தின்னும் தவளைக்கு எலும்பு வளைந்து, கால் வலுவிழந்து, தாடை தளர்ந்துவிடும். தாடை தளர்ந்தால் இரை பிடிக்க முடியாது. ஆகவே பூச்சிக்கு ஒரு நாள் முன்பே கேரட்டும் கீரையும் தீனியாகப் போட்டு, தவளைக்குத் தரும் நேரத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் கலந்த பொடியை அதன் மேல் தூவித் தர வேண்டும். கடையில் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. அது தோலையும் வாயையும் வெந்துபோகச் செய்யும்.

சாப்பிட மறுத்தால்

புது இடத்துக்கு வந்த தவளை சில நாள் சாப்பிடாது. ஒளிந்துகொள்ள இலையும் மரப்பட்டையும் வைத்து, தொந்தரவு செய்யாமல் விட்டால் தானே இறங்கி வரும். கையில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தால் வராது. குளிர் அதிகமானாலும் இரை எடுக்காது. நல்ல உடம்புள்ள வளர்ந்த தவளை ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் பயமில்லை. இளைத்துக்கொண்டே போனால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். தன் தோலை உரித்துத் தானே விழுங்குவதைக் கண்டு பிள்ளைகள் பயப்பட வேண்டாம். அது இயற்கை.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அகலமான தட்டில் குளோரின் கலக்காத தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். சோப்பு, உப்பு, எண்ணெய் பட்ட கையால் தொடக் கூடாது.

நம் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. குடோனில் அந்து இருக்கிறதே, பிடித்துப் போடலாமே என்று தோன்றும். மூட்டைக்கு மருந்து வைத்த குடோனில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். வயலில் மருந்தடித்த மறுநாள் பிடித்த வெட்டுக்கிளியும் அப்படியே. பூச்சிக்குள் இருக்கும் விஷம் தேரைக்குள் போகும்.

ஏற்றுமதியில் கண்ட பாடம்

தேரையும் தவளையும் தின்னும் பூச்சிக்கு விலை போட்டுப் பார்த்தவர்கள் உண்டா? நம் நாட்டில் பல ஆண்டுகளாகத் தவளைக் கால் பெரிய ஏற்றுமதிச் சரக்காக இருந்தது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. வயலிலும் குளத்திலும் இருந்த பெரிய தவளைகளை இரவில் விளக்கு வைத்துப் பிடித்தார்கள். அந்நியச் செலாவணி வரவுப் பக்கத்தில் ஏறியது. பூச்சியைத் தின்னத் தவளை இல்லாததால் மருந்துச் செலவு பற்றுப் பக்கத்தில் ஏறும் என்று அறிஞர்கள் எச்சரித்தார்கள். 1987-ல் மத்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்ட கணக்கு நிற்காது என்பது நமக்குத் தெரியாததல்ல.

என்ன செய்யலாம்?

காட்டுயிர்களைப் பிடித்து அடைப்பதை நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எந்த உயிர் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கிணற்றடியில் இருக்கும் தேரைக்கு வகைவகையான பூச்சி தானே கிடைக்கிறது. அதைச் சாடியில் போட்டுவிட்டால், இத்தனை வகையை நாம் தினமும் பிடித்துக் கொடுக்க முடியுமா?

பிஸ்கட் சாடிப் பையனிடம் இதைத்தான் சொன்னோம். அன்று மாலையே தேரையைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் விட்டான். அங்கே ஒரு சிறு விளக்கைப் போட்டு வைத்தார்கள். வெளிச்சத்துக்கு அந்தும் கொசுவும் வந்தன. இரவு எட்டு மணிக்குத் தேரை சுவரில் ஏறி, நாக்கை நீட்டிப் பிடிப்பதை வீடே நின்று பார்த்தது.

செலவில்லாத வளர்ப்பு இதுதான். வீட்டுக் கொல்லையில் ஈரமுள்ள ஒரு மூலையை மருந்தடிக்காமல் விட்டுவைப்போம். நம் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுப்போம். வெளிநாட்டில் பெட்டியில் வளர்க்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால், அளவும் நேரமும் சுண்ணாம்புச் சத்தும் மறக்க வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதுவோம்.