ஆற்றைக் காக்கும் முதற்படிகள்

செம்பனை ஆலையின் புகைபோக்கியைத் தோட்ட மக்கள் அனைவரும் அறிவர். ஆலையின் பின்புறம் வரிசையாக அமைந்துள்ள கழிவுநீர்க் குளங்களோ, அவற்றின் நாற்றத்தினால் மட்டுமே பலருக்கு அறிமுகமானவை. அக்குளங்கள் எதற்காக வெட்டப்பட்டன? கழிவுநீரை நேரே ஆற்றில் விட்டால் நேரும் தீங்கு யாது? இவற்றை நாம் தெளிவாக அறிந்து கொள்ளுதல் வேண்டும்.

தீங்கு எவ்வாறு நேர்கின்றது?

ஆலையில் பழக்குலைகளை நீராவியில் வேக வைக்கும்போதும், பிழிந்த எண்ணெயைத் தெளிய வைக்கும்போதும் கழிவுநீர் மிகுதியாக வெளிப்படுகின்றது. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் உண்டாகின்றது. அதில் நூற்றுக்கு 95 பங்கு நீரே. எண்ணெய் பிழிவதற்கு இரசாயனப் பொருள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே, "பழச்சாறுதானே, ஆற்றில் விட்டால் என்ன?" என்று சிலர் எண்ணக்கூடும்.

தீங்கு அந்தப் பழச்சாற்றிலேயே இருக்கின்றது. ஆற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகுகின்றன. பெருகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக் கொள்கின்றன. ஒரு லிட்டர் ஆலைக் கழிவுநீர் சிதைவதற்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவை. இது வீட்டுக் கழிவுநீரின் தேவையைப் போல் ஏறத்தாழ நூறு மடங்காகும். நம் நாட்டின் வெப்பத்தில், தூய ஆற்றுநீர் ஒரு லிட்டரில் ஏழு அல்லது எட்டு மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் கழிவுநீர் மூவாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட ஆற்றுநீரின் பிராணவாயுவைப் பறித்துவிடும்! மீன்கள் மூச்சுத் திணறி மடிவதும், ஆறு கறுத்து நாறுவதும் இதனாலேயே.

இதனைத் தடுப்பதற்கு, 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகள் வகுக்கப்பட்டன. வெளியேறும் நீரின் பிராணவாயுத் தேவை 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டது. அவ்வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1984இல் 100 மில்லிகிராம் ஆயிற்று. 25,000இலிருந்து நூறுக்கு இறக்கும் பெரும்பணியின் தொடக்கத்தையே இங்கு விளக்க விழைகின்றோம்.

முதற்படி: மணலும் எண்ணெயும்

பழக்குலைகளோடு தோட்டத்து மண்ணும் மணலும் ஆலைக்குள் வந்து சேர்கின்றன. கழிவுநீரின் ஓட்டத்தைத் தொட்டியில் மெதுவாக்கினால் மணல் அடியில் தங்கிவிடும். அங்கே தங்காத மணல் குளத்தில் போய்த் தங்கும்; குளம் மேடாகும். மேடான குளத்தில் நீர் நிற்கவேண்டிய நாட்கள் குறைந்து, தூய்மையாகாமலே வெளியேறும்.

எண்ணெய்ப் பொறித் தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்கின்றது. அதனை வழித்தெடுத்தல் வேண்டும். கழிவுநீர் 80 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வரும்போதே இதனைச் செய்வது ஏன்? செம்பனை எண்ணெய் ஆறினால் கெட்டியாகிவிடும். சூட்டில்தான் இளகிப் பிரியும். தப்பிச் செல்லும் எண்ணெய் குளத்தின் மேல் ஏடாகப் படிந்து கேடு செய்யும். வழித்தெடுத்தாலோ அது ஆலைக்கு வருவாயாகும்.

இரண்டாம் படி: ஆற வைத்தல்

எண்ணெய் பிரிந்த பின்னர் கழிவுநீர் ஆறும் குளத்திற்குச் செல்கின்றது. இனி வேலை செய்ய வேண்டியவை நுண்ணுயிர்கள். அவை கொதிக்கும் நீரில் வாழா. 35 பாகை அளவான சூடே அவற்றிற்கு உகந்தது.

மூன்றாம் படி: புளிக்க வைத்தல்

தோசை மாவு இரவில் புளிப்பதை நாம் அறிவோம். அதுபோன்றே புளிப்புக் குளத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுப் பொருளையும் எஞ்சிய கொழுப்பையும் எளிய அமிலங்களாக உடைக்கின்றன. அடுத்த குளத்தில் வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. ஆனால் இவை புளிப்பு மிகுந்தால் செயலிழந்துவிடும். எனவே, புளிப்பு நீங்கிய பழைய குளத்து நீரில் ஒரு பகுதி திருப்பி எடுக்கப்பட்டுப் புதிய நீருடன் கலக்கப்படுகின்றது. பாலில் உறைமோர் இடுவதைப் போல, இது புளிப்பைத் தணிப்பதோடு நுண்ணுயிர்களையும் விதைக்கின்றது.

இதன் பின்னர் நீர் பல வாரங்கள் குளங்களில் நின்று, இறுதியில் காற்றும் வெயிலும் படும் ஆழமற்ற குளங்களைக் கடந்து வெளியேறுகின்றது. 2014 முதல் புதிய ஆலைகள் மீத்தேன் வாயுவைச் சேகரிக்கும் வசதியையும் அமைக்க வேண்டியதாயிற்று.

நமது கடமை

தொடக்கத்தில் ஒரு நாள் காட்டும் அலட்சியம், பின்னுள்ள குளங்களைப் பல வாரங்கள் பாதிக்கக்கூடும். ஆலைத் தொழிலாளர்கள் எண்ணெயை முறையாக வழித்தெடுத்து, மணலை உரிய காலத்தில் அகற்றுதல் வேண்டும். சிந்திய எண்ணெயைக் கால்வாய்க்குக் கழுவிவிடுதல் கூடாது. குளக்கரை கசிந்தாலோ உடைந்தாலோ, உடனே மேற்பார்வையாளருக்கு அறிவித்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். குளத்தின் மேல் படிந்த ஏடு காய்ந்த தரைபோலத் தோன்றும். காலை வைத்தால் ஆழ்ந்த சேற்றுநீர். அங்கு எழும் வாயுக்களும் உயிருக்கு ஆபத்தானவை. பிள்ளைகளைக் குளக்கரைக்கு விடாதீர்கள்.

நம் தோட்டத்தைக் கடந்து செல்லும் ஆறு, கீழேயுள்ள ஊரில் குடிநீராகக்கூடும். அங்குள்ளோர் நம்மை அறியார். ஆயினும் நாம் எண்ணெய்த் தொட்டியில் செய்யும் வேலை அவர்களுடைய குடத்தை எட்டுகின்றது என்பதனை மறவாதிருப்போம்.