கொள்கலன் கதவில் ஒரு மென்பொருள் பாடம்

போர்ட் கிள்ளான் - துறைமுகச் சாலையில் லோரிக்குப் பின்னால் நின்றவர்கள் கொள்கலன் கதவில் நான்கு எழுத்துகளையும் ஏழு எண்களையும் பார்த்திருப்பார்கள். கடைசி எண் மட்டும் கட்டத்துக்குள் இருக்கும். அது சோதனை எண்.

ஐ.எஸ்.ஓ. 6346 தரப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. பத்து இடங்களையும் முறையே 1, 2, 4, 8 என 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதியே சோதனை எண். மீதி 10 என்றால் 0.

சிஎஸ்கியூயூ 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. குமாஸ்தா அவசரத்தில் 305348 என்று தட்டினால் மீதி 10 வரும். கட்டத்தில் உள்ள 3உடன் பொருந்தாததால் கணினி அப்போதே தடுத்துவிடும்.

2023இல் போர்ட் கிள்ளான் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் நடுவே தவறான ஓர் எண் நுழைந்தால், வாசலில் லோரி காத்துக் கிடக்கும். டிரிப் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநருக்கு அன்றைய வருமானம் போகும்.

மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. மனிதர் தவறுவார் என்று முன்கூட்டியே எண்ணி, தட்டும் இடத்திலேயே பிழையைப் பிடிக்க வேண்டும். வெறுமனே 'பிழை' என்று காட்டாமல், எந்த எண்ணைத் திரும்பப் பார்ப்பது என்றும் சொல்ல வேண்டும்.

ஆனால் சோதனை எண்ணுக்கும் எல்லை உண்டு. வேறொரு பெட்டியின் சரியான எண்ணைத் தட்டினால் அது ஏற்றுக்கொள்ளும். வாசலில் நிற்பது அந்தப் பெட்டிதானா என்பதைக் கதவைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.