‘எல்லோருக்கும் நண்பன்’ என்றார்கள்... இந்தியச் சிறுவனுக்கு மட்டும் இடமில்லை! - சாரணர் இயக்கம் வளர்ந்த கதை

தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் இடத்தில், சுதந்திர தின அணிவகுப்பில், பள்ளி ஆண்டு விழா வாசலில்... கழுத்தில் வண்ண ஸ்கார்ஃப் கட்டி, மூன்று விரல்களால் சல்யூட் அடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். சாரணர்கள், சாரணியர்கள். ஒருவேளை உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். அல்லது, உங்கள் பழைய ஸ்கார்ஃப் இன்னும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கலாம்.

அந்த மூன்று விரல்களுக்கு அர்த்தம் உண்டு. கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்ற வேண்டிய கடமை, பிறருக்கு உதவுதல், சாரணர் சட்டத்தைப் பின்பற்றுதல் என்று சாரணர் எடுக்கும் உறுதிமொழிக்கு மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல்.

அந்தச் சட்டத்தில், சாரணர் எல்லோருக்கும் நண்பராகவும் மற்ற சாரணர்களுக்குச் சகோதரராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இயக்கத்தின் தொடக்கத்திலேயே வந்த விதி இது. ஆனால், இந்தியாவுக்குச் சாரணர் இயக்கம் வந்தபோது, இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடமே கிடையாது!

அந்தக் கதவு எப்படித் திறந்தது? நூறு ஆண்டுகளைத் தாண்டிய இந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

முற்றுகைக்குள் ஓடிய சைக்கிள்கள்

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய ராபர்ட் பேடன் பவல், 1857-ம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். 19 வயதில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக அவர் முதலில் வந்து இறங்கியது இந்தியாவில்தான். லக்னோவில் இருந்த குதிரைப்படைப் பிரிவில் அவருக்கு வேலை. பிற்காலத்தில் வீரர்களுக்கு உளவு பார்க்கும் கலையைச் சொல்லித்தருவதில் தேர்ந்தவரானார். கால்தடம் பார்ப்பது, சத்தமில்லாமல் நகர்வது, கண்ணில் பட்ட சின்ன விஷயத்தை வைத்துப் பெரிய விஷயத்தை ஊகிப்பது என்று எல்லாவற்றையும் தொகுத்து, 1899-ல் ராணுவத்தினருக்கு ஒரு கையேடு எழுதினார்.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாஃபெகிங் என்ற சிறிய ஊரை போயர் படை சூழ்ந்துகொண்டது. ஊருக்குள் இருந்த பிரிட்டிஷ் படைக்குத் தளபதி பேடன் பவல். முற்றுகை 217 நாள்கள் நீடித்தது. வீரர்கள் போதவில்லை. ஆகவே, ஊரில் இருந்த வெள்ளைக்காரச் சிறுவர்களைத் திரட்டி, கடிதம் கொண்டு போகவும் காவல் பார்க்கவும் ஒரு சிறுவர் படை அமைக்கப்பட்டது. அதன் தலைவன் 13 வயது வார்னர் குட்இயர். முதலில் கழுதைகளிலும் பிறகு சைக்கிள்களிலும் அந்தப் பையன்கள் செய்தி சுமந்தார்கள். ‘நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் பெரியவர்களைப்போலவே நடந்துகொள்வார்கள்’ என்று பேடன் பவல் கண்டுகொண்டது அங்கேதான்.

முற்றுகை முறிந்த செய்தி வந்ததும் லண்டன் தெருக்களில் கொண்டாட்டம். பேடன் பவல் ஒரே நாளில் நாயகன் ஆனார். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு விஷயம் மறைந்துபோனது. ஊரைக் காக்க பரோலாங் என்ற ஆப்பிரிக்க மக்களும் துப்பாக்கி ஏந்திப் போராடினார்கள். முற்றுகையின் பட்டினி மிகக் கொடுமையாகத் தாக்கியதும் கறுப்பின மக்களைத்தான். ஆனால், புகழ் வேறு பக்கம் போனது.

ஒரு தீவு, 20 பையன்கள்

இங்கிலாந்துக்குத் திரும்பிய பேடன் பவலுக்கு ஓர் ஆச்சர்யம். ராணுவத்துக்காக எழுதிய அவருடைய கையேட்டைச் சிறுவர்களும் ஆசிரியர்களும் விரும்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ‘இதையே போர் வாசனை இல்லாமல் பிள்ளைகளுக்காக எழுதினால் என்ன?’ என்று யோசித்தார். எழுதுவதற்கு முன்பு சோதித்துப் பார்க்க நினைத்தார்.

1907 ஆகஸ்ட். இங்கிலாந்தின் தென்கரையில் பிரவுன்சீ என்ற சின்னத் தீவு. சுமார் 20 பையன்கள். சிலர் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள், சிலர் சாதாரணத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அன்றைய இங்கிலாந்தில் இந்த இரு தரப்பும் ஒரே கூடாரத்தில் தூங்குவது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் என்ற நீர்ப்பறவை ஆகிய பெயர்களில் நான்கு அணிகளாக அவர்கள் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனே தலைவன். காலையில் ஆப்பிரிக்க மானின் நீண்ட கொம்பை ஊதினால் எழுந்துவிட வேண்டும். சமைப்பது, முடிச்சுப் போடுவது, தடம் பார்ப்பது, இரவில் தீ மூட்டி வட்டமாக உட்கார்ந்து கதை கேட்பது... இன்று மணப்பாறையிலும் மணிலாவிலும் நடக்கும் சாரணர் முகாம்களின் அடிப்படை வடிவம் அந்த ஒரு வாரத்தில் உருவானதுதான்.

1908 ஜனவரியில் பேடன் பவலின் புத்தகம், தலா நான்கு பென்னி விலையில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அவரே எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. யாரும் சொல்லாமல், எந்தத் தலைமையகமும் இல்லாமல், ஊர் ஊராகப் பையன்கள் தாங்களே அணி சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள், பெரியவர்கள் பின்னால் ஓடி வந்து அமைப்பை உருவாக்கினார்கள்!

அழைப்பு இல்லாமல் வந்த சிறுமிகள்

1909 செப்டம்பர். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்களின் முதல் பெரிய பேரணி. சுமார் 11,000 பையன்கள் திரண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, அதேபோன்ற தொப்பியும் ஸ்கார்ஃபும் அணிந்த சில சிறுமிகள். ‘நாங்களும் சாரணர்கள்தான்’ என்றார்கள்.

‘பெண் பிள்ளைகள் காட்டில் கூடாரம் அடிப்பதா?’ என்று பத்திரிகைகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால், ஏற்கெனவே ஆயிரக்கணக்கான சிறுமிகள் தங்களைப் பதிவு செய்திருந்தார்கள். இனி மறுக்க முடியாது என்ற நிலை. 1910-ல் பெண்களுக்கான இயக்கம் தனியாகப் பிறந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதற்குத் தலைமை ஏற்றார்.

அந்த இயக்கத்துக்கு ‘கைட்ஸ்’ என்று பெயர் வந்தது எங்கிருந்து தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றிய ‘கைட்ஸ்’ என்ற படைப்பிரிவிலிருந்து! பெயர் நம் மண்ணிலிருந்து போனது. நம் பிள்ளைகளின் நிலை என்ன?

காடு நம்முடையது, கூடாரம் அவர்களுடையது

1909-ல் கேப்டன் டி.ஹெச்.பேக்கர் என்ற அதிகாரி பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். அடுத்து வேறு சில ஊர்களிலும் படைகள் உருவாகின. 1911-ல் ஜபல்பூரில் சிறுமிகளுக்கான முதல் பிரிவும் வந்தது. ஆனால், இவை எல்லாவற்றிலும் சேர முடிந்தவர்கள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் மட்டுமே.

ஏன்? ஆட்சியாளர்களுக்குப் பயம். தடம் பார்க்கவும், ரகசியமாகச் செய்தி கடத்தவும், அணியாகத் திரண்டு செயல்படவும் இந்திய இளைஞர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்தால், நாளை அவர்கள் நமக்கு எதிராகவே அதைப் பயன்படுத்த மாட்டார்களா என்ற பயம்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 1916-ல் சின்னப் பையன்களுக்காகக் குருளையர் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு அடிப்படை, ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’. குருளையர்களின் தலைவருக்கு ‘அகேலா’ என்ற ஓநாயின் பெயர். அந்தக் கதை நடக்கும் இடம் மத்திய இந்தியாவின் சியோனி காடு. கதையின் நாயகன் மோக்லி ஓர் இந்தியச் சிறுவன். மோக்லியை உலகமே கொண்டாடியது. ஆனால், மோக்லியே நேரில் வந்து நின்றிருந்தால், அன்றைய இந்தியப் படைகள் பலவற்றில் அவனைச் சேர்த்திருக்க மாட்டார்கள்!

தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

கதவு திறக்கும் என்று காத்திருக்காமல், சிலர் தாங்களே வீடு கட்டத் தொடங்கினார்கள்.

பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான விவியன் போஸ், 1913-ல் மத்திய மாகாணத்தில் இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணர் பயிற்சியைத் தொடங்கினார். அடுத்த பெரிய அடி விழுந்தது நம் சென்னையில். அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் 1916-17 காலகட்டத்தில் இந்தியச் சாரணர் சங்கத்தை உருவாக்கினார்கள். பயிற்சிகள் எல்லாம் பேடன் பவல் சொன்னவைதான். ஆனால், பிள்ளைகள் தலையில் இந்தியத் தலைப்பாகை. வாயில் இந்தியப் பாடல்கள்.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். தன்னாட்சி கேட்டதற்காக 1917-ல் சென்னை மாகாண அரசு அன்னி பெசன்ட்டையும் அருண்டேலையும் ஊட்டியில் காவலில் வைத்தது. அப்படிப்பட்டவர்கள் நடத்தும் சாரணர் சங்கத்தை அரசு எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும்!

வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-ல் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். மேளாக்களில் திணறும் யாத்ரீகர்களுக்கு உதவுவது போன்ற மக்கள் சேவைதான் சேவா சமிதியின் உயிர்நாடி. இன்று திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய குழந்தையைக் கைபிடித்து அழைத்து வரும் சாரணர், அந்த மரபின் தொடர்ச்சி.

சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள்

இத்தனை சங்கங்கள் தனித்தனியாக வளர்வதைக் கண்ட பேடன் பவல், 1921-ல் மனைவி ஆலேவுடன் இந்தியா வந்தார். அன்னி பெசன்ட்டின் சங்கம் அதிகாரபூர்வ இயக்கத்துடன் இணைந்தது. இந்தியப் பிள்ளைகளும் இனி உலகச் சாரணர் குடும்பத்தின் உறுப்பினர்கள். ஆனால், சேவா சமிதி சேரவில்லை. அன்றைய உறுதிமொழியில் மன்னருக்கு விசுவாசம் என்ற பகுதி இருந்தது. ‘யாருடைய மன்னருக்கு?’ என்பது அடிமைப்பட்ட ஒரு நாட்டில் சாதாரணக் கேள்வி இல்லையே.

1937-ல் டெல்லியில் அகில இந்திய ஜாம்போரி நடந்தது. ஜாம்போரி என்றால் சாரணர்களின் மாபெரும் முகாம். அதற்காகப் பேடன் பவல் மீண்டும் வந்தார். அதையொட்டி, இந்தியர்களின் குணத்தைக் குறைத்து அவர் தெரிவித்ததாக வெளிவந்த கருத்துகள் பெரும் கொதிப்பை உண்டாக்கின. சுயமரியாதைதான் முக்கியம் என்று பலர் விலகினார்கள். 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது.

பேடன் பவல் 1941 ஜனவரி 8 அன்று கென்யாவில் காலமானார். அவர் கல்லறையில் ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாரணர்களின் தடக்குறிகளில் அதற்கு, ‘நான் வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்று அர்த்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, பிரிந்து கிடந்த சங்கங்களை ஒன்று சேர்க்கும் முயற்சி தொடங்கியது. கல்வி அமைச்சராக இருந்த மௌலானா ஆசாத் அதற்குத் துணை நின்றார். 1950 நவம்பர் 7 அன்று ‘பாரத் சாரணர் சாரணியர்’ அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பெண்கள் சங்கமும் அதில் இணைந்தது. புதிய அமைப்பின் முதல் தேசிய ஆணையர் யார் தெரியுமா? வெளியே நின்று தனியாகச் சங்கம் நடத்திய அதே ஹிருதயநாத் குன்ஸ்ரு!

பெற்றோர்கள் மறக்கக் கூடாத பாடம்

இந்த இயக்கத்தின் வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அமெரிக்காவில் சாரணப் பொறுப்பாளர்கள் சிலரால் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது அம்பலமானது. 80,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டு வந்தார்கள். அந்த அமைப்பு 2020-ல் திவால் மனு தாக்கல் செய்தது. பாதிக்கப்பட்டோருக்கு 200 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீட்டு நிதி உருவாக்க வேண்டிவந்தது. சீருடையின் மீது இருந்த மரியாதையே, பிள்ளைகளின் குரல் வெளியே கேட்காமல் போனதற்கு ஒரு காரணம்.

இதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டாம். முகாமுக்கு அனுப்பும்போது கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள். பொறுப்பாளர்கள் யார், எத்தனை பேர்? சிறுமிகளோடு பெண் பொறுப்பாளர் தங்குகிறாரா? இரவில் பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள்? வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் வழி என்ன? நல்ல சாரண ஆசிரியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். ‘தயாராக இரு’ என்பதுதானே அவர்களுடைய தாரக மந்திரம்!

இன்று கதவு திறந்திருக்கிறது

இன்று உலகம் முழுக்க 5 கோடிக்கும் அதிகமானவர்கள் சாரணர்கள். 2025 ஜனவரி இறுதியில் திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்த வைர விழா ஜாம்போரிக்கு, நாடு முழுவதிலிருந்தும் பல்லாயிரம் பிள்ளைகள் வந்து கூடாரம் அடித்தார்கள். மொழி தெரியாத மாநிலத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் சாரணர் படை இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். முடிச்சுப் போடவும், முதலுதவி செய்யவும், பத்துப் பேருக்குச் சமைக்கவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். நம் நாட்டின் சாரணர் சட்டத்தில் இன்று ஒன்பது விதிகள். எல்லோருக்கும் நண்பராக இருப்பது அதில் மூன்றாவது.

அந்த விதியைப் பிள்ளை மனப்பாடம் செய்யும்போது, கிரிஸ்டல் பேலஸுக்கு அழைப்பு இல்லாமல் வந்த சிறுமிகளையும், சென்னையில் தலைப்பாகை கட்டி நின்ற சிறுவர்களையும் பற்றிச் சொல்லுங்கள். அந்த விதி உண்மையாக வேண்டும் என்று வாசலில் நின்று கேட்டவர்கள் அவர்கள்தான். உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாமல் ஓரமாக நிற்கும் ஒருவர் இருக்கக்கூடும். ‘தினம் ஒரு நற்செயல்’ என்று சாரணர்கள் சொல்வார்களே, அதை அங்கிருந்தே தொடங்கலாம்!