உட்கார்ந்தே தேயும் உடம்பு
லாரி ஓட்டுநர்களின் உடல்நலம் குறித்துச் சில வார்த்தைகள்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, நாற்பத்தாறு வயதுள்ள லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். குஜராத் மாநிலம் மோர்பியில் டைல்ஸ் லோடு ஏற்றி, கிளீனர் இல்லாமல் தனியாகவே ஓட்டிக்கொண்டு, முந்தின இரவுதான் ஊர் சேர்ந்திருந்தார். இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. "கிளச்சு மிதிச்சு மிதிச்சு சுளுக்கிருச்சுங்க சிஸ்டர். ஒரு ஊசி போட்டு உடுங்க, சாயங்காலம் லோடு ஏத்தோணும்" என்றார்.

அது சுளுக்கல்ல. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, காலின் ஆழத்திலுள்ள பெரிய இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகி நின்றது தெரிந்தது. அந்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்ந்து இரத்தத்தோடு போனால் நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் உயிரே போகலாம். அவர் அன்று மாலை கேட்டபடி வண்டி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நெடுஞ்சாலையோரத்தில் இருக்கிற எங்கள் மருத்துவமனைக்கு ஓட்டுநர்கள் வருவது புதிதல்ல. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் லாரியை நம்பியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. 1986-ல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட பிறகு, பல ஆண்டுகள் லாரி ஓட்டுநர் என்றாலே அந்த ஒரு வியாதியை மட்டுமே எல்லாரும் பேசினார்கள். அந்தப் பணி அவசியமானதுதான். ஆனால் ஓட்டுநர்களை மெதுவாகத் தின்னுகிற வேறொரு காரியம், அவர்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறோம்.

லண்டன் பஸ்களில் கண்ட உண்மை

உட்கார்ந்தே இருப்பது இருதயத்தைப் பாதிக்கும் என்பதை உலகம் முதன்முதலில் தெளிவாகக் கண்டது, ஓட்டுநர்களை வைத்துத்தான். இங்கிலாந்தில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் நகரின் மாடி பஸ்களிலும் டிராம்களிலும் வேலை செய்த சுமார் 31,000 ஆண்களை ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கினார். நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு அதிகமாக வந்தது. வந்தவர்களிலும் சீக்கிரத்தில் மரித்தவர்கள் ஓட்டுநர்களே அதிகம்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1956-ல் அதே குழுவினர் பஸ் கம்பெனி கொடுத்த சீருடைகளின் அளவைப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே நடத்துநர்களுடையதைவிடப் பெரியதாக இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் இருக்கையின்மேல் சுமத்த முடியாது. ஆனாலும் அதற்குப்பின் வந்த ஆராய்ச்சிகள் பல, அசையாத உடம்பில் இருதய நோயும் சர்க்கரை வியாதியும் சீக்கிரம் குடியேறும் என்பதை உறுதிப்படுத்தியிருக்கின்றன.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதலாவது, கால்கள். காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ள இருதயம் மட்டும் போதாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, பம்பு செட்டைப்போல இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. மணிக்கணக்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் இந்தப் பம்பு நின்றுவிடும், இரத்தம் தேங்கும். தேங்கின இரத்தம் சிலருக்கு உறையும். நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் பிரயாணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் தெரிவித்தது. தனி ஒரு பிரயாணத்தில் ஆபத்து சிறியதே. ஆனால் ஓட்டுநருக்குப் பிரயாணமே தொழில். நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர்.

இரண்டாவது, முதுகு. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோலிருக்கும் தட்டுகளுக்குத் தனியாக இரத்த ஓட்டம் கிடையாது. நாம் அசையும்போதுதான் அவற்றுக்குப் போஷாக்கு சேருகிறது. முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால், நிற்பதைவிட அதிக அழுத்தம் அவற்றின்மேல் விழுகிறது. இதோடு வண்டியின் அதிர்வும் சேருகிறது. மனித முதுகு நொடிக்கு நான்கிலிருந்து ஆறு தரம் ஆடும் அதிர்வில்தான் மிகவும் குலுங்கும். கனரக வண்டிகளின் அதிர்வு பெரும்பாலும் இதே அளவை ஒட்டியிருக்கிறது. தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல வலிக்கும்.

மூன்றாவது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற தொல்லைகள். மலச்சிக்கலும் மூலமும் ஓட்டுநர்களிடையே சாதாரணம். பிட்டப் பிளவின் மேல்பகுதியில் முடி உள்ளே புதைந்து சீழ்க்கட்டி உண்டாவதும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் ஜீப்புகளில் குலுங்கிச் சென்ற அமெரிக்கப் போர்வீரர்களில் ஏறக்குறைய 80,000 பேர் இதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு "ஜீப் வியாதி" என்றே பெயர் வந்தது. அடிக்கடி வண்டியை நிறுத்த முடியாது என்று தண்ணீர் குடிக்காமலும், மூத்திரத்தை அடக்கியும் பழகுகிறவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருகிறது. இஞ்சின் சூடு வேறு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது நல்ல காரியம். ஆனால் அதற்குமுன் செய்யப்பட்ட வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடும்.

நான்காவது, சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பது பெரும்பாலும் தசைகளே. இராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு நேரே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் அதற்கு வழியில்லை. மருந்து எடுப்பவருக்கும் கஷ்டம் உண்டு. சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கண் இருட்டும். இது ஸ்டீயரிங் முன்னால் நடந்தால் என்ன ஆகும்?

ஐந்தாவது, தூக்கம். உடல் பருத்து, கழுத்து தடித்தவர்கள் பலர் குறட்டையோடு தூங்குவார்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டுத் தடைபட்டு வருவதால், எட்டு மணி நேரம் படுத்தாலும் அசதி தீராது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி, ஓட்டுநர் மூன்றே விநாடி கண் அசந்தால் 50 மீட்டர் கடந்துவிடும். தூக்கத்தை விரட்டப் புகையிலை போடுகிறவர்கள் வாய்ப் புற்றுநோயையும் விலைக்கு வாங்குகிறார்கள்.

ஓட்டுநர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது

"வேலையை விடு" என்று எங்களால் சொல்ல முடியாது. செய்யக்கூடியதையே சொல்கிறோம்.

1. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, டயரைத் தட்டிப் பார்க்கும் சாக்கிலாவது இறங்கி, வண்டியைச் சில சுற்று சுற்றி வரவும்.

2. டோல்கேட்டிலும் லோடு இறக்கும் இடத்திலும் காத்திருக்கும்போது, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கவும்.

3. தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மூத்திரத்தை அடக்க வேண்டாம்.

4. வண்டி நின்றவுடன் குதித்திறங்கித் தார்ப்பாயை இழுக்கவோ மூட்டை தூக்கவோ வேண்டாம். சற்று நடந்து முதுகை நிமிர்த்திய பின் செய்யவும்.

5. பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

6. மாத்திரைகளைப் போகவர ஆகும் நாட்களுக்கும் சேர்த்து எடுத்துப் போகவும். மாத்திரை போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

7. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, முதுகுவலியோடு மூத்திரம் கட்டுக்கடங்காமல் போனாலோ, போகாமல் நின்றாலோ, வண்டியை ஓரங்கட்டி அருகிலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போகவும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்ட வேண்டாம்.

ஆலோசனை மட்டும் போதாது

இதையெல்லாம் சொல்லும்போது ஓட்டுநர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. காரணம் எங்களுக்குத் தெரியும். பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்றுதான் கணக்கு. வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், தொலைதூரப் பிரயாணத்தில் 10 மணி நேரம் என்றும், 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றும் வகுத்திருந்தது. ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆகவேண்டும்; அதை வண்டியிலுள்ள கருவியே பதிவு செய்கிறது. நம் சாலைகளில் கணக்கெடுப்பவர் யார்? சரக்கு சேரவேண்டிய நேரத்தைக் குறிப்பவர்கள், ஓட்டுகிறவர் இறங்கி நடக்கவும் படுக்கவும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் இது மாறும்.

உங்களில் சிலர் வண்டி வைத்திருப்பவர்கள். சிலர் சரக்கு வரவழைக்கும் வியாபாரிகள். பலருடைய வீட்டில் ஒரு தம்பியோ மைத்துனரோ ஓட்டுநராக இருக்கிறார். அவர் லீவில் வரும்போது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். குறட்டையைப் பற்றி அவர் மனைவியிடம் கேளுங்கள், அவருக்கே தெரிந்திருக்காது. ஞாயிறு ஆராதனையில் பிரயாணப்படுகிறவர்களுக்காக ஜெபிக்கிறோமே, நம் மேசைக்கு அரிசியும் முட்டையும் கொண்டுவருகிற இவர்களையும் அந்த ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்ன அந்த ஓட்டுநருக்கு, இரத்தம் உறையாதிருக்க மூன்று மாதத்துக்கு மேல் மாத்திரை கொடுத்தோம். ஆரம்ப வாரங்களில் வண்டி எடுக்கக்கூடாது என்றோம். "பசங்களுக்குப் பீஸ் கட்டோணுமே" என்று அவர் மனைவி கலங்கினார். தம் காதுத் தோட்டை அடகு வைத்து அந்த மாதங்களைக் கடத்தினார் என்று பிற்பாடு அறிந்தோம். இப்போது அவர் மறுபடியும் ஓட்டுகிறார். உள்ளூர் லோடு மட்டும், இரவில் வீடு. சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது தனியாக வரவில்லை. லாரி ஆபீசிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தார். ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகவும் அதிகம். அன்றுவரை அவர் அதை அறிந்திருக்கவில்லை.