பியூரெட்டில் ஒரு சொட்டு, வயலில் எத்தனை கிலோ?

மண் பரிசோதனை நிலையத்துக்கு வரும் உழவர்கள், மண் பையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவது வழக்கம். உள்ளே வந்து பாருங்கள் என்று அழைத்தால் கூச்சப்படுகிறார்கள். அப்படியே வந்தாலும், மேசை நிறைய இருக்கும் கண்ணாடிச் சாமான்களைக் கண்டு, கைபட்டால் உடைந்துவிடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் அந்தச் சாமான்களைப் பற்றி உழவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மண் அட்டையில் "தழைச்சத்து குறைவு", "மணிச்சத்து மத்திமம்" என்று எழுதித் தருகிறோமே, அந்த எண்கள் ஒரு கண்ணாடிக் குழாயின் கோட்டிலிருந்தோ, ஒரு குடுவையில் தோன்றிய நிறத்திலிருந்தோ வந்தவை. அவற்றை நம்பித்தான் நீங்கள் மூட்டைக் கணக்கில் உரம் வாங்குகிறீர்கள்.

தழைச்சத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு நிலையங்களில் பெரிதும் கையாளப்படுவது, சுப்பையா, ஆசிஜா என்ற இருவர் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட முறை. 20 கிராம் மண்ணை நீண்ட கழுத்துடைய ஒரு குடுவையில் இட்டு, பெர்மாங்கனேட் கரைசலும் காரக் கரைசலும் சேர்த்துக் கொதிக்க வைப்போம். மண்ணிலிருந்து கிளம்பும் அம்மோனியா ஆவி குழாய் வழியே குளிர்ந்து இறங்கி, கூம்புக் குடுவையில் உள்ள போரிக் அமிலத்தில் சேரும். இளஞ்சிவப்பாக இருந்த அந்தக் கரைசல் பச்சையாக மாறும். பிறகு பியூரெட்டிலிருந்து மிக நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மறுபடியும் இளஞ்சிவப்பு வரும்போது நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி லிட்டர் அமிலம் செலவாயிற்று என்பதே கணக்கு.

அந்த ஒரு மில்லி லிட்டர், ஹெக்டேருக்கு 31.36 கிலோ தழைச்சத்துக்குச் சமம். ஏக்கருக்கு என்றால் சுமார் பன்னிரண்டரை கிலோ. பியூரெட்டில் மிகச் சிறிய கோடு ஒரு மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு கோடு பிசகினால் ஹெக்டேருக்கு 3 கிலோ பிசகும். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் "குறைவு" என்கிறோம். 8.9 என்று படித்தால் 279 கிலோ, குறைவு. 9.0 என்று படித்தால் 282 கிலோ, மத்திமம்! உங்கள் உரச் சிபாரிசு மாற ஒரு கோடு போதும்.

ஆகவே பியூரெட்டைப் படிப்பதில் கண்டிப்பு வேண்டும். குழாயில் நீரின் மேற்பரப்பு தட்டையாக இராது, குழிந்திருக்கும். குழிவின் அடிப்பகுதி எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் படிக்க வேண்டும். கண்ணும் அந்தக் கோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பியூரெட்டில் அளவு குறைவாகவும், கீழிருந்து பார்த்தால் கூடுதலாகவும் தெரியும். உயரம் போதாத உதவியாளர்களுக்கு மணைப்பலகை போட்டுக் கொடுத்திருக்கிறோம். (பூச்சிமருந்தை அளவுக் குவளையில் ஊற்றும்போதும் இதே விதிதான். நின்றபடி குனிந்து பார்த்து ஊற்றுகிறவர்களே அதிகம். குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள்.)

நீண்ட கழுத்துக் குடுவை என்றேன். அதற்குக் கெல்டால் குடுவை என்று பெயர். டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பர்க் என்ற மதுவடிசாலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால், பார்லியில் உள்ள புரதத்தை அறிய 1883ஆம் ஆண்டு கண்ட முறையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கழுத்து நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே காரக் கரைசல் குதித்துக் குதித்துக் கொதிக்கும். அதிலிருந்து ஒரு திவலை தெறித்து அப்பால் போய்விட்டாலும், அம்மோனியாவோடு அதுவும் சேர்ந்து கணக்கைக் கூட்டிவிடும். அதனால்தான் உள்ளே கண்ணாடி மணிகளும் கொஞ்சம் மெழுகும் போட்டுக் கொதிப்பை அடக்குகிறோம். ரப்பர் அடைப்பான் இற்றுப்போயிருந்தால் நேர்மாறு: ஆவி கசிந்து, சத்துள்ள மண்ணும் ஏழை மண்ணாகக் காட்டும். நம் வீட்டில் இட்லிப் பானை மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் என்ன ஆகுமோ அதேதான்.

சலவைத்தூள் செய்த வேலை

தழைச்சத்திலாவது கோட்டைக் கண்ணால் பார்க்கிறோம். மணிச்சத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஓல்சன் முறைப்படி இரண்டரை கிராம் மண்ணை 50 மில்லி லிட்டர் சோடியம் பைகார்பனேட் கரைசலில் குலுக்கி வடிகட்டி, அதில் 5 மில்லி லிட்டரைப் பிப்பெட்டால் எடுத்து ஒரு சிறு குடுவையில் விட்டு, மாலிப்டேட் சேர்த்து நீல நிறம் உண்டாக்குகிறோம். நீலம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு மணிச்சத்து. ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே குறைவு. 22 கிலோவுக்கு மேலே அதிகம். 11 கிலோ உள்ள மண்ணானால், அந்தச் சிறு குடுவைக்குள் இருக்கும் மணிச்சத்து எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். குடுவையில் அதே அளவு அழுக்கு ஏற்கெனவே ஒட்டியிருந்தால், மெலிந்த மண்ணும் கொழுத்த மண்ணாகிவிடும்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், பணியில் சேர்ந்த புதிதில், மணிச்சத்துச் சோதனை என் பொறுப்பில் இருந்தது. ஆற்றுப் பாசனக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாதிரிகளைச் சோதித்து அட்டைகளை அனுப்பியிருந்தோம். ஒரு வாரம் கழித்து அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு அட்டைகளோடு வந்தார். "ஏன் தம்பி, போன வருஷம் மணிச்சத்து குறைச்சல்னு நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்க. நடுவிலே ஒரு பிடி சூப்பர்கூட நான் போடலே. இந்த வருஷம் அதிகம்னு எழுதியிருக்கீங்க. மண்ணு தானா கொழுக்குமா?" என்று கேட்டார்.

"வெள்ளத்தில் வண்டல் ஏறியிருக்கும் ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் நம்பவில்லை என்பது அவர் படியிறங்கிய விதத்திலேயே தெரிந்தது. எனக்கும் மனம் ஒப்பவில்லை.

மறுநாள் அவருடைய மீதி மண்ணை எடுத்து மறுபடியும் சோதித்தேன். அதே அதிகம். மண் போடாமல் கரைசல்களை மட்டும் வைத்துச் செய்யும் வெற்றுச் சோதனையோ குறையில்லாமல் வந்தது. எங்கே தவறு என்று இரண்டு நாள் விளங்கவில்லை. மூன்றாம் நாள், வெற்றுச் சோதனைக்கென்று தனியே அலமாரியில் வைத்திருந்த குடுவைகளில் அந்த மண்ணின் வடிநீரை விட்டுப் பார்த்தேன். நீலம் பாதியாக வெளுத்துவிட்டது. மண்ணில் கோளாறு இல்லை, குடுவையில்தான் கோளாறு!

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. குடுவை கழுவும் உதவியாளர், கறை போகவில்லை என்று நல்லெண்ணத்தோடு கடையில் புதிதாக வந்த ஒரு சலவைத்தூளை வாங்கி வந்து தேய்த்திருக்கிறார். துணி வெளுக்கும் தூள்களில் பாஸ்பேட் உப்புச் சேர்ப்பது அப்போது சாதாரணம். பாஸ்பேட் என்பதே மணிச்சத்துதான். குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசினால் அது கண்ணாடியை விட்டுப் போகாது. வெற்றுச் சோதனைக் குடுவைகளை மட்டும் நானே அமிலம் விட்டுக் கழுவி வந்ததால், என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டிய சோதனையே என்னை ஏமாற்றிவிட்டது. அந்த உதவியாளர் மீது குற்றமில்லை. எதைக் கொண்டு கழுவலாம், எதைக் கொண்டு கழுவக்கூடாது என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை.

அதற்குள் அந்த ஊரில் மூன்று பேர் அடியுரத்தில் சூப்பர் பாஸ்பேட்டை நிறுத்தியிருந்தார்கள். இருவரைத் தடுத்துவிட்டோம். ஒருவர் நட்டு முடித்துவிட்டார். அடியுரமாக இடவேண்டிய மணிச்சத்தை நட்டபின் தூவி முழுப்பலன் பெற முடியாது. அவர் வயலில் நெல் தூர் கட்டாமல், கரும்பச்சையாகக் குத்திட்டு நின்றதை வரப்பில் நின்று பார்த்தேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அன்றுமுதல் மணிச்சத்துக் குடுவைகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுகிறோம். வெற்றுச் சோதனைக்குத் தனிக் குடுவை கிடையாது. அன்றாடம் புழங்கும் அடுக்கிலிருந்தே கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். கழுவிய குடுவை சுத்தமா என்று பார்க்க எளிய வழி உண்டு. நீர் உட்சுவரில் ஒரே படலமாகப் படர்ந்து வடிந்தால் எண்ணெய்ப்பசை இல்லை. சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்ததுபோல முத்துமுத்தாக நின்றால் பசை இருக்கிறது. ஆனால் பாஸ்பேட் ஒட்டியிருப்பதை இந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது.

கண்ணாடியே சத்தானால்?

ஆய்வுக்கூடக் கண்ணாடி, வீட்டு டம்ளர் கண்ணாடி அல்ல. சாதாரணக் கண்ணாடியில் சூடான அமிலத்தை விட்டால் வெடித்துவிடும். ஜெர்மனியில் யேனா நகரத்து ஓட்டோ ஷாட் 1880களில் மணலோடு போரான் ஆக்சைடைச் சேர்த்துக் கண்ணாடி வார்த்தார். இந்தப் போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது, சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம் 1915இல் பைரக்ஸ் என்ற பெயரில் இத்தகைய கண்ணாடியை விற்கத் தொடங்கியது. அதற்கு வழிகாட்டியது ஒரு அம்மையாரின் சமையற்கட்டு: அந்நிறுவனத்து விஞ்ஞானி லிட்டில்டனின் மனைவி, அடிப்பாகம் வெட்டியெடுத்த பேட்டரி ஜாடியில் கேக் சுட்டுப் பார்த்திருந்தார்.

நெருப்பைத் தாங்கும் இந்தக் கண்ணாடிக்கு ஓரிடத்தில் மட்டும் வேலையில்லை. தென்னையில் குருத்தோலைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு கொக்கிபோல் வளைந்தால் போரான் குறைபாட்டைச் சந்தேகிக்கிறோம். அதை அறிய மண்ணை வெந்நீரில் கொதிக்க வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு கிலோ மண்ணில் அரை மில்லி கிராம் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. போரான் கலந்த குடுவையில் கொதிக்க வைத்தால் கண்ணாடியிலிருந்தே கொஞ்சம் கரைந்து வந்துவிடும்! ஆதலால் போரான் கலவாத கண்ணாடி, குவார்ட்ஸ் அல்லது பிளாஸ்டிக் கலன்தான் அதற்கு ஏற்றது. போரான் கூடினாலும் பயிருக்கு நஞ்சு என்பதால் இந்தச் சோதனையில் அசட்டை கூடாது.

1955-56இல் நாட்டில் சில மண் பரிசோதனை நிலையங்களோடு இப்பணி தொடங்கியது. 2015இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தபின் அட்டை பெறாத கிராமம் அரிது. பல இடங்களில் தானியங்கிக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கருவிக்கு எது ஒரு பங்கு, எது பத்துப் பங்கு என்று காட்டிக்கொடுக்கும் தரக் கரைசலை இன்னமும் கழுத்தில் ஒற்றைக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில்தான் தயாரிக்கிறோம். குடுவையின் வயிற்றில் 27 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்த வெப்பத்தில்தான் அளவு சரி என்று பொருள். வெளிநாட்டுக் குடுவைகளில் 20 டிகிரி என்றிருக்கும்.

உழவர் கையிலும் ஒரு கலன் இருக்கிறது. நாங்கள் எவ்வளவு கழுவினாலும், மண்ணை நீங்கள் யூரியா சாக்கில் கட்டிக் கொண்டுவந்தால் பயனில்லை. துணி ஊறவைக்கும் பேசினில் மண்ணைக் கலப்பதும், உரம் அள்ளிய முறத்தில் உலர்த்துவதும் வேண்டாம். நுண்ணூட்டச் சோதனைக்கானால் துத்தநாகம் பூசிய வாளியும், துருப்பிடித்த மண்வெட்டியும் ஆகாது. குழி வெட்டியபின் மரக்குச்சியால் பக்கவாட்டைச் சுரண்டி பிளாஸ்டிக் வாளியில் சேகரியுங்கள். நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம் போதும். வரப்போரம், மரத்தடி, எருக்குவித்த இடம் நீக்கிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, புதிய துணிப்பையில் அரைக்கிலோ அனுப்புங்கள். இன்னோர் அரைக்கிலோவை வீட்டில் கட்டி வையுங்கள். அட்டையில் வந்த எண் உங்கள் வயல் அனுபவத்தோடு ஒத்துவராவிட்டால், அந்த இரண்டாவது பையோடு தயங்காமல் வந்து கேளுங்கள்.

முன்னே சொன்ன பெரியவர் கேட்கவே இல்லை. மறு ஆண்டிலிருந்து ஒரே வயல் மண்ணை இரண்டு பையாகக் கட்டி, ஒன்றில் தன் பெயரையும் மற்றதில் மருமகன் பெயரையும் எழுதி, பத்து நாள் இடைவெளி விட்டு அனுப்பி வந்திருக்கிறார். நான்கு ஆண்டு கழித்து ஒரு வயல்விழாவில் எட்டு அட்டைகளையும் எடுத்து என் முன்னே பரப்பினார். எந்த ஆண்டிலும் மணிச்சத்தில் இரண்டு அட்டைக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இல்லை.