மறதி எல்லாம் முதுமை அல்ல

வயதான உம்மாவோ வாப்பாவோ மாத்திரை சாப்பிட்டதை மறந்து மறுபடியும் கேட்டால், பேரனின் பெயரை மாற்றி அழைத்தால், "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் சிலருடைய மறதிக்குக் காரணம் வயது அல்ல. வைட்டமின் பி12 என்ற சத்தின் குறைவு. அதைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியும்.

மின்கம்பியின் மேல் உறை இருப்பதுபோல் நம் நரம்புகளின் மேலும் ஓர் உறை இருக்கிறது. மூளையின் கட்டளைகள் தடையின்றிச் செல்ல அது வேண்டும். அந்த உறையைப் பழுதில்லாமல் காப்பது பி12. ஒரு நாளைக்குத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம்தான். இது குறைந்தால் உறை நைந்துபோகும். கால் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், களைப்பு, எரிச்சல், மனச்சோர்வு, மறதி ஆகியவை வரும். இரத்தசோகை இல்லாமலும் இவை வரலாம்.

"நம் வீட்டில் கறியும் மீனும் சமைக்கிறோமே, குறைவு எப்படி வரும்?" என்று கேட்கலாம். வீட்டில் சமைப்பது வேறு, பெரியவர்களின் உடலில் சேர்வது வேறு. பல் போனவர்கள் கறியை ஒதுக்கிவிட்டு ஆணத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். உணவிலுள்ள பி12 பிரிந்து வர வயிற்றில் அமிலம் வேண்டும். வயதானால் பலருக்கு அது குறைகிறது. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற 'கேஸ்' மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டாலும் அமிலம் குறையும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் நாளடைவில் பி12 அளவைக் குறைக்கலாம். ஈரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு உள்ளதால், குறைவு மெல்ல மெல்லவே வெளியே தெரியும். இதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்து கொடுத்தால் முதுமையடைந்த மூளை மீண்டும் இளமையாகுமா? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2010ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு ஓரளவு விடை தருகிறது. லேசான மறதியுள்ள, 70 வயதைக் கடந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 ஆகியவற்றை இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். இவர்களின் மூளை ஆண்டுக்கு 0.76 சதவீதம் சுருங்கியது. சத்து மாத்திரை பெறாதவர்களுக்கு 1.08 சதவீதம். இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடியிருந்தவர்களுக்கே பெரும் பலன் கிடைத்தது. பி வைட்டமின்கள் குறைந்தால் கூடுவது அந்தப் பொருள். அதாவது, சத்து குறைந்தவருக்குத்தான் சத்து மருந்தாகிறது. அழிந்துபோன மூளைச் செல்களைத் திரும்பக் கொண்டுவரும் டானிக் எதுவும் இல்லை. அல்சைமர் நோயை பி12 குணப்படுத்தாது.

பி12 குறைவு உறுதியானால் ஊசியோ மாத்திரையோ மருத்துவர் தருவார். சீக்கிரம் தொடங்கினால் நினைவும் நடையும் தேற வாய்ப்பு அதிகம். நாள்பட்டால் நரம்பின் பாதிப்பு நிலைத்துவிடலாம். பரிசோதிக்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. இரத்தசோகை தேறியதுபோல் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

சாப்பாட்டில் முட்டை, பால், தயிர், மத்தி மீன், நன்றாக வேகவைத்துப் பொடியாக நறுக்கிய கறி ஆகியவற்றைப் பெரியவர்களுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். ஈரலில் பி12 மிகுதி. கொழுப்பு, யூரிக் அமிலம் கூடியவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம். கீரையும் பயறும் ஃபோலேட் தரும். அவற்றில் பி12 கிடையாது.

தைராய்டு குறைவும் மனச்சோர்வும்கூட மறதியைத் தரும். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. ஆகவே பெரியவர்களின் மறதியைக் கேலி செய்யாமல், வயதின் மேல் பழிபோடாமல், ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். அடுத்த முறை சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கும்போதே பி12க்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.